குணமும் சுண்ணாம்பும்

நாவாந்துறைப் பள்ளிக்கூடத்தின்
எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கொப்பி
ஷொப்பிங் பை ஒன்றுக்குள் எங்களிடம் வந்தது.
இரண்டாம் வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள்.
பெயர்களுக்கு நேரே பச்சை மையில் ஒரு ரீச்சரின் கை:
‘கெதியில் அழுவாள்.’
‘குழப்படி. கதிரையில் இரான்.’
‘பிடித்த பிடி விடாது.’
‘கூப்பிட்டால் மட்டும் கதைக்கும்.’
ஒன்பது பேருக்கு ‘நல்ல பிள்ளை’ என்று மட்டும்.
அதை என்ன செய்வதென்று பேராசிரியருக்கே தெரியவில்லை.

சொற்களுக்கு எண் கொடுத்தோம்.
அழுகைக்கு நான்கு. பிடிவாதத்துக்கு ஐந்து.
கதிரையில் இராததற்கு மூன்றா ஐந்தா என்று
ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை.
தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

ஏழு வயதுக் குணம்
ஐம்பது வயது எலும்பில் எங்காவது தங்கியிருக்குமா?
இதுதான் கேள்வி.
இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்தோம்.
மற்றவர்களுக்கு நேரே என் கையால் எழுதினேன்:
வெளிநாடு. இல்லை. தெரியாது.

என் வேலை சின்னது.
காலையில் பிளாஸ்ரிக் முள்ளந்தண்டொன்றை
மேசையில் வைத்து இயந்திரத்தைச் சரிபார்ப்பேன்.
அதற்குக் குணமில்லை. தினமும் ஒரே எண்.
பிறகு ஆட்கள்.
படுக்க வைத்து, பாதத்தை உள்ளே திருப்பிக் கட்டி,
‘அசையாதேங்கோ’ என்பேன்.
இடுப்பெலும்பு திரையில் வரி வரியாக ஏறும்,
கருக்கலில் வள்ளமொன்று கரைக்கு வருவது போல.

புளோறன்ஸ் மீன்சந்தையில் பாரை வெட்டுகிறவள்.
இருபத்தாறு பேரில் அவள் எலும்புதான் திறம்.
மேசையால் இறங்கும்போது தாளை எட்டிப் பார்த்துவிட்டாள்.
‘கெதியில அழுவனோ? ஆர் எழுதினது?
அந்த மனிசி அடிமட்டத்தால அடிச்சா
நீங்களும் கெதியில அழுவியள்.’
குறிப்புப் பகுதியில் இதை எழுதினேன்.
ஆய்வுக்கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்,
பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கதிரையில் இராத அருமைநாதன்
இப்போது ஓட்டோ ஓட்டுகிறார்.
அவர் கிடந்த கிடையில் பயந்துபோய்
நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எழும்பிப் பார்த்தேன்.
‘எங்க பழகினியள் இப்பிடிக் கிடக்க?’
‘தொண்ணூறில, கோட்டையடிச் சண்டைக்க.
பங்கருக்குள்ள தம்பி என்ர நெஞ்சில நித்திரை.
அசைஞ்சா எழும்பிடுவான்.’
படிவத்தில் ‘அசைவு’ என்றொரு கட்டம் உண்டு.
இல்லை என்பதற்கு நேரே சரி போட்டேன்.

ஞானசவுந்தரி வீட்டோடு தையல்.
கூப்பிட்டால் மட்டும் கதைத்தவள்.
நாங்கள் மூன்று முறை போன் எடுத்த பிறகுதான் வந்தாள்.
கேட்டதற்கு ஓம், கேட்டதற்கு இல்லை.
சய இரண்டு தசம் ஒன்பது.
போன வருடம் கிணற்றடியில் வாளி தூக்கும்போது
மணிக்கட்டு முறிந்ததாம்.
அதையும் நான் கேட்டதால்தான் சொன்னாள்.

கட்டுரை முடிந்தது.
தொடர்பு: தசம் இரண்டு ஒன்று.
இருபத்தாறு பேரில் அது தற்செயலாகவும் இருக்கலாம்
என்று பதினோராம் பக்கத்தில் நாங்களே எழுதியிருக்கிறோம்.
வெயில், நெத்தலி, பிள்ளைப்பேறு, இடம்பெயர்வு
எல்லாவற்றையும் ‘கட்டுப்படுத்தவில்லை’ என்ற ஒரே வரியில் அடக்கினோம்.
பேராசிரியர் இப்போது பாசையூரில்
இன்னொரு கொப்பி தேடுகிறார்.

நேற்று மத்தியானம் கதவில் ஞானசவுந்தரி.
கையில் குடை, மருந்துப் பை.
‘எனக்கு நேரே என்ன எழுதியிருந்தது?’
சொல்லக் கூடாதென்பது விதி.
சொன்னேன்.
குடையின் கம்பியொன்றை நிமிர்த்திக்கொண்டு
கன நேரம் நின்றாள்.
‘இண்டைக்கு ஆரும் கூப்பிடேல்லை,’ என்றாள்.
‘நானா வந்தனான்.’

சுண்ணாம்புக் குளிசைப் போத்தல்
பைக்குள் கலகலத்தபடி
படியிறங்கிப் போனது.